கிரீட் தீவில் ஒருநாள் சுற்றுலா: மலையிடுக்கும் கடற்கரையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கத்தின் கிரீட் தீவுக்குப் போகிறவர்கள் விமான டிக்கெட்டையும் ஓட்டலையும் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். குழப்பம் வருவது வழிகாட்டியோடு போகும் ஒருநாள் சுற்றுலாவில்தான். எந்தப் பேருந்தில் ஏறுவது, எவ்வளவு நடக்க வேண்டும், வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா என்று நண்பர்களும் உறவினர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அந்தச் சந்தேகங்களை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். தீவின் மேற்குப் பாதியை, அதாவது ஹானியா, ரெதிம்னோ பகுதிகளைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேன். பெயர்பெற்ற மலையிடுக்குகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன.

தீவுதானே, ஒரு நாளில் சுற்றிப் பார்த்துவிட முடியாதா?

முடியாது. கிரீட் மத்தியதரைக் கடலில் ஐந்தாவது பெரிய தீவு. கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர் நீளம். அகலம் குறைவுதான், ஆனால் நடுவில் மலைத்தொடர் நிற்கிறது. ஹானியாவுக்குத் தெற்கே உள்ள வெள்ளை மலைகளும், நடுத்தீவில் உள்ள ப்சிலோரிதிஸ் மலையும் 2,450 மீட்டரைத் தாண்டுகின்றன. நகரங்களும் விமான நிலையங்களும் வடக்குக் கரையில். நீங்கள் பார்க்க விரும்பும் கடற்கரைகளில் பல தெற்கிலும் மேற்கிலும். ஒவ்வொரு முறையும் வளைந்து வளைந்து ஏறி, மறுபக்கம் இறங்கித்தான் போக வேண்டும்.

அதனால் வரைபடத்தில் விரலால் அளந்து திட்டம் போடாதீர்கள். ஹானியாவிலிருந்து எலஃபோனிசி கடற்கரை 75 கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே இடத்துக்கு, நடுத்தீவில் வடக்குக் கரையில் உள்ள ஹெராக்லியோன் நகரத்திலிருந்து புறப்பட்டால் போக வரவே பாதி நாள் போய்விடும்.

கடற்கரைக்கு மட்டும் போனால் போதாதா? மலையிடுக்கில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

கிரீட்டில் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதுதான் என் பதில். தீவின் மலைகள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். நிலம் மெல்ல மெல்ல மேலே எழும்ப, குளிர்கால மழையும் உருகும் பனியும் அதை அறுத்துக்கொண்டே தெற்கே லிபியக் கடலுக்கு இறங்கியிருக்கின்றன. அப்படி அறுத்த வழிதான் மலையிடுக்கு. அதன் வாயில் தண்ணீர் கொண்டுவந்து கொட்டிய கல்லும் மணலும்தான் பல இடங்களில் கடற்கரை. சமாரியா இடுக்கின் முடிவில் அகியா ரூமெலி, கூர்தாலியோதிகோ இடுக்கின் ஆறு கடலில் சேரும் இடத்தில் ப்ரெவெலி, அராதேனா இடுக்கின் வாயில் மர்மாரா.

இதனால்தான் யார் கேட்டாலும் ஒன்று சொல்வேன்: ஒரே தண்ணீரின் வழியில் அமைந்த இடுக்கையும் கடற்கரையையும் சேர்த்துக் காட்டும் சுற்றுலாவைத் தேர்ந்தெடுங்கள். தீவின் மூன்று மூலைகளில் இருக்கும் மூன்று ‘புகழ்பெற்ற’ கடற்கரைகளை ஒரே நாளில் அடுக்கும் சுற்றுலாவில் நீங்கள் அதிகம் பார்ப்பது பேருந்து ஜன்னலைத்தான். மேலே பாறைக்கு நடுவில் நடந்துவிட்டு, அந்த ஆறு போய்ச் சேரும் கடலில் மாலையில் இறங்கும்போது அந்த இடம் உங்களுக்குப் புரிந்துவிடும்.

பேரெல்லாம் வாயில் நுழையவில்லை. மொத்தம் என்னென்ன சுற்றுலா இருக்கிறது?

நடக்க விரும்புகிறவர்களுக்கு முதலில் சமாரியா, அடுத்து அதைவிடச் சிறிய இம்ப்ரோஸ். இரண்டும் தெற்குக் கரையில் முடிகின்றன. சூயா என்ற ஊர்ப் பக்கம் இறங்கும் அகியா இரினி இடுக்கும் உண்டு. நிழல் அதிகம், கூட்டம் குறைவு. அதிகம் நடக்காமல் பார்க்க வேண்டும் என்றால் ரெதிம்னோவிலிருந்து தெற்கே கூர்தாலியோதிகோ இடுக்கு வழியாக ப்ரெவெலி. மேற்கே டொபோலியா இடுக்கு வழியாக எலஃபோனிசி. வடமேற்கு முனையில் படகில் போகும் பாலோஸ்.

கிழக்கே ஸாக்ரோஸில் ‘இறந்தோரின் இடுக்கு’ என்று ஒன்று இருக்கிறது. அதன் குகைகளில் மினோவன் காலத்தினர், அதாவது கிரீட்டின் பண்டைய நாகரிகத்து மக்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். நடந்து முடித்தால் மினோவன் அரண்மனையின் இடிபாடுகளும் கடலும் வரும். எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனால் ஹானியாவில் தங்கியிருப்பவர்களுக்கு ஒருநாள் பயணத்தில் அது எட்டாது.

சமாரியாவில் எவ்வளவு தூரம் நடக்கணும்? நடுவில் திரும்பிவிடலாமா?

மொத்தம் 16 கிலோமீட்டர். ஓமலோஸ் சமவெளியின் விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் உள்ள ஸிலோஸ்கலோ என்ற இடத்தில் தொடங்கி, கடற்கரையில் உள்ள அகியா ரூமெலி வரை இறக்கம். இதில் 13 கிலோமீட்டர் தேசியப் பூங்காவுக்குள், மீதி 3 கிலோமீட்டர் வெளியே. சாதாரணமாக ஐந்து முதல் ஏழு மணி நேரம் பிடிக்கும். வெளியே வந்த பிறகு ஊர் வரைக்கும் சீசனில் ஒரு சிறிய வேன் ஓடுகிறது. கால் ஓய்ந்துபோயிருந்தால் யோசிக்காமல் அதில் ஏறிக்கொள்ளுங்கள். கடைசி மூன்று கிலோமீட்டர் வெயிலில்தான்.

முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மரக் கைப்பிடி வைத்த படிப்பாதை, செங்குத்தாக இறங்கும். காலையில் அங்கே குளிரும், ஆகஸ்டிலும் ஒரு மெல்லிய மேலாடை வேண்டியிருக்கும். பைன், சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே இறங்கிப் பாதி வழிக்கு வந்தால் பழைய சமாரியா கிராமம். 1962இல் இது தேசியப் பூங்கா ஆனபோது அங்கிருந்த குடும்பங்களை வெளியேற்றிவிட்டார்கள். கல்வீடுகள் அப்படியே நிற்கின்றன. உட்கார்ந்து சாப்பிட ஏற்ற இடம் அதுதான். க்ரி-க்ரி என்ற கிரீட்டின் காட்டாடு பெரும்பாலும் இங்கேதான் கண்ணில் படும். தயவுசெய்து அதற்கு உணவு கொடுக்காதீர்கள்.

கிராமத்துக்குப் பிறகு பாதை ஆற்றுப்படுகைக்கு இறங்குகிறது. உருண்டைக் கற்கள், சிற்றோடையைக் குறுக்கே கடக்கப் பலகைகள். பதினோராவது கிலோமீட்டர் வாக்கில் ‘இரும்பு வாசல்கள்’ வருகின்றன. இரண்டு பக்கமும் சுமார் 300 மீட்டர் உயரப் பாறைச் சுவர். நடுவில் இடைவெளி மூன்று நான்கு மீட்டர்தான். படங்களில் நீங்கள் பார்த்திருப்பது இதைத்தான்.

நடுவில் திரும்புவது பற்றி: முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடியாது என்று தோன்றினால் திரும்பி ஏறிவிடுங்கள். அதற்கு மேல் போனால் ஏறி வருவதைவிட இறங்கி முடிப்பதே எளிது. உள்ளே சாலை கிடையாது. காயம் பட்டால் கோவேறு கழுதையில் ஏற்றித்தான் வெளியே கொண்டுவருவார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மெதுவாகப் போனால் முடித்துவிடலாம்தானே?

வேண்டாம். “இறக்கம்தானே, சுலபம்” என்று நினைக்கிறார்கள். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கொடுமை. 1,200 மீட்டருக்கு மேல் தொடர்ந்து இறங்கும்போது வலி இல்லாத முழங்காலிலும் வலி வரும். மெதுவாகப் போனாலும் சிக்கல்தான், ஏனென்றால் நடை முடியும் அகியா ரூமெலிக்குச் சாலை கிடையாது, சாயங்காலப் படகைப் பிடித்தாக வேண்டும்.

அவருக்கு இரும்பு வாசல்களைக் காட்ட வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. தெற்குக் கரை ஊர்களான ஹோரா ஸ்ஃபாகியோனிலிருந்தோ சூயாவிலிருந்தோ படகில் அகியா ரூமெலிக்குப் போய், கீழிருந்து மேலே வாசல் வரை மட்டும் நடந்து திரும்பலாம். மேலே சொன்ன வேனைப் பயன்படுத்தினால் நடை இன்னும் குறையும். ஏற்றம் லேசானது. ஆனால் காலடியில் கற்கள்தான் என்பதால் ஒரு ஊன்றுகோல் கையில் இருக்கட்டும். சில நிறுவனங்கள் இதையே தனிச் சுற்றுலாவாக நடத்துகின்றன. வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. இடுக்கின் மிக அழகான பகுதி இதுதான்.

எட்டு வயதுப் பையன் இருக்கிறான். எங்கே கூட்டிப் போகலாம்?

இம்ப்ரோஸ். 8 கிலோமீட்டர், இரண்டரை மூன்று மணி நேரம். மிகக் குறுகிய இடத்தில் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம். குழந்தைகளுக்கு அது ஒரு கொண்டாட்டம். இம்ப்ரோஸ் கிராமத்தில் தொடங்கி கொமிதாதெஸில் முடிகிறது. அங்கிருந்து ஹோரா ஸ்ஃபாகியோன் கடற்கரைக்கு வண்டியில் சிறிது நேரம்தான்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் நடக்கும்போது இதையும் சொல்லுங்கள். 1941 மே மாதம் ஜெர்மானியப் படைகள் கிரீட்டைப் பிடித்தபோது, பின்வாங்கிய பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வீரர்கள் இந்தப் பக்கமாகத்தான் தெற்குக் கரைக்கு இறங்கினார்கள். ஆயிரக்கணக்கானவர்களை ஹோரா ஸ்ஃபாகியோனிலிருந்து இரவுகளில் கப்பலேற்றினார்கள். எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை, மிஞ்சியவர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள்.

வழிகாட்டி கூடவே நடந்து வருவாரா? வழி தவறினால்?

சமாரியாவில் பொதுவாக நடப்பது இதுதான்: பேருந்திலேயே எல்லாம் விளக்கிவிட்டு, நுழைவாயிலில் உங்களை அவரவர் வேகத்தில் நடக்க விட்டுவிடுவார்கள். வழிகாட்டி கடைசி ஆளோடு பின்னால் வருவார். அகியா ரூமெலியில் குறிப்பிட்ட ஒரு உணவகத்தில் கூடி, அங்கே படகு டிக்கெட் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த உணவகத்தின் பெயரையும் கூடும் நேரத்தையும் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பாதை, ஆள் நடமாட்டம் எப்போதும் உண்டு, வழி தவறுவது அரிது.

நுழைவுச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளியேறும் இடத்தில் அதைப் பார்ப்பார்கள். யாரும் உள்ளே தங்கிவிடவில்லை என்று உறுதி செய்ய அதுதான் வழி. இடுக்குக்குள் போன் சிக்னலை நம்ப முடியாது. பாதையோரக் காவலர் நிலையங்களில் உதவி கிடைக்கும். வெளியில் எங்கேயும் அவசர எண் 112.

கூட நடந்துகொண்டே செடியையும் கல்லையும் காட்டி விளக்கும் ஆள் வேண்டும் என்றால், சிறு குழு நடைப்பயணம் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். விலை கூடும்தான். ஆனால் கிரீட்டில் மட்டுமே இயற்கையாக வளரும் திக்தமோ மூலிகை எந்தப் பாறை விரிசலில் தொங்குகிறது, தலைக்கு மேல் வட்டமிடுவது எந்தக் கழுகு என்று காட்ட ஒருவர் இருந்தால் அந்த 16 கிலோமீட்டரும் வேறாகிவிடும். நான் அதற்குத்தான் பணம் கொடுப்பேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு பஸ் என்கிறார்கள். அவ்வளவு சீக்கிரம் எதற்கு?

ஹானியாவிலிருந்து ஓமலோஸ் ஒரு மணி நேரம்தான். ஆனால் ரெதிம்னோ, ஹெராக்லியோன் பக்கம் தங்கியிருந்தால் ஓட்டல் ஓட்டலாக ஆள் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். நடை ஆறு மணி நேரம், படகு மாலையில். இவற்றைக் கூட்டிப் பார்த்தால் காலை ஐந்து மணி நியாயம்தான். சீக்கிரம் இறங்கினால் முதல் பாதி முழுக்க நிழலில் போகும்.

சமாரியாவுக்காகவே போகிறீர்கள் என்றால் அதற்கு முந்தைய இரவு மட்டுமாவது ஹானியாவில் தங்குங்கள். நாளின் இரண்டு முனையிலும் உங்களுக்குத் தூக்கம் மிச்சமாகும்.

எந்த மாதம் நல்லது?

மே கடைசியும் ஜூன் தொடக்கமும், அப்புறம் செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை. சமாரியா வழக்கமாக மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும், வானிலையைப் பொறுத்து தேதிகள் முன்பின் ஆகும். குளிர்காலத்தில் ஆறு பெருகும் என்பதால் மூடிவிடுவார்கள். மே மாதத்தில் பூக்கள் நிறைந்திருக்கும், கடல் மட்டும் 20 டிகிரிக்குப் பக்கம், நம்மவர்களுக்குக் குளிரும். செப்டம்பரில் பூ இருக்காது, கடல் இதமாக இருக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் ‘மெல்தெமி’ என்ற வடகாற்று வீசும். அப்போது வடக்குக் கரையில் அலை எழும். தெற்குக் கரையில் அலை குறைவாக இருந்தாலும், மலையைத் தாண்டிய காற்று இடுக்குகளின் வழியாகப் பாய்ந்து மணலை வாரி முகத்தில் அடிக்கும். கூர்தாலியோதிகோவில் கார் கதவைத் திறக்கும்போதே அதன் பலம் தெரியும். தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

என்ன செருப்பு, எவ்வளவு தண்ணீர்?

பிடிப்பு நல்ல, முன்னமே போட்டுப் பழகிய ஷூ. பலர் நடந்து நடந்து அந்தச் சுண்ணாம்புக் கற்கள் வழவழத்துப் போயிருக்கின்றன. ரப்பர் செருப்பில் இறங்கிப் பாதியில் தவிப்பவர்களை அங்கே நிறையப் பார்க்கலாம். கால் நகங்களை முந்தைய நாளே வெட்டிவிடுங்கள், இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடிக்கும். கடற்கரைக்குத் தனியாக ஒரு செருப்பு பையில் இருக்கட்டும். அகியா ரூமெலியின் கருங்கூழாங்கற்கள் மதியத்தில் வெறுங்காலை வைக்க விடாது.

தண்ணீருக்கு ஒரு லிட்டர் பாட்டில் போதும். சமாரியாவில் வழியெங்கும் ஊற்றுக் குழாய்கள் உண்டு, நிரப்பிக்கொள்ளலாம். இம்ப்ரோஸில் அந்த வசதியை நம்பிப் போகாதீர்கள், முழுவதும் எடுத்துப் போங்கள். சமாரியாவின் ஓடையில் குளிக்கக் கூடாது. அது பூங்கா விதி.

நாங்கள் சைவம். வழியில் சாப்பிட ஏதாவது கிடைக்குமா?

தாராளமாகக் கிடைக்கும். கிரீட்டின் வீட்டுச் சமையலே கீரையும் பருப்பும் ஆலிவ் எண்ணெயும்தான். டாகோஸ் என்பது காய்ந்த பார்லி ரொட்டியின் மேல் தக்காளியும் மிஸித்ரா பாலாடைக்கட்டியும் வைத்தது. ஹோர்தா என்பது எலுமிச்சை பிழிந்த வேகவைத்த கீரை. ஹானியா பக்கம் உருளைக்கிழங்கும் சுரைவகைக் காயும் அடுக்கிச் சுட்ட பூரெக்கி. ஹோரா ஸ்ஃபாகியோனைச் சுற்றியுள்ள ஸ்ஃபாகியா பகுதியில் பாலாடைக்கட்டி வைத்துத் தட்டி, மேலே தேன் ஊற்றிய ஒரு அடை. நடை முடிந்த பசிக்கு அதற்கு ஈடு கிடையாது.

பால், முட்டையும் வேண்டாம் என்பவர்கள் ‘நிஸ்திசிமோ’ என்று கேளுங்கள். அது அங்குள்ள கிறித்தவர்களின் விரதச் சாப்பாடு. இறைச்சி, முட்டை, பால் இருக்காது. ஆனால் விரதத்தில் கணவாய், ஆக்டபஸ், சிப்பி எல்லாம் அனுமதி. ஆகவே கடல் உயிரினமும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சமாரியா இடுக்குக்குள் கடை எதுவும் இல்லை, மதியம் வரை கையிலிருப்பதுதான்.

ப்ரெவெலியில் பேரீச்ச மரக் காடு எரிந்துவிட்டது என்றார்களே, இன்னும் போகலாமா?

2010 ஆகஸ்டில் எரிந்தது உண்மை. ஆனால் அங்கிருப்பது தியோஃப்ராஸ்டஸ் பேரீச்சை. அடியிலிருந்தும் தண்டிலிருந்தும் மீண்டும் துளிர்த்துவிட்டது. இன்று ஆற்றின் இரு கரையிலும் பச்சை அடர்ந்து நிற்கிறது. கீழே குனிந்து பார்த்தால் கருகிய பழைய அடிமரங்கள் தெரியும்.

நாள் பொதுவாக இப்படிப் போகும். ரெதிம்னோவிலிருந்து தெற்கே வந்தால் சாலையே கூர்தாலியோதிகோவின் பாறைச் சுவர்களுக்கு நடுவே போகிறது. ஓரிடத்தில் நிறுத்தி, படியிறங்கிப் புனித நிக்கோலஸ் சிற்றாலயத்தையும் அதன் அருகே பாறையிலிருந்து பீறிடும் ஊற்றுகளையும் பார்ப்பார்கள். வழுக்கும், பார்த்து இறங்குங்கள். அந்தத் தண்ணீர்தான் கோடையிலும் வற்றாமல் ஓடி ப்ரெவெலியில் கடலைச் சேர்கிறது. கடற்கரைக்கு மேலே வண்டியை விட்டுவிட்டுச் சில நூறு படிகள் இறங்க வேண்டும். இறங்கக் கால் மணி, ஏற அதற்கு மேல், நிழல் இல்லை. முழங்கால் வலியுள்ளவர்களுக்கு பிளாக்கியாஸிலிருந்து சீசனில் போகும் படகு நல்லது.

ப்ரெவெலி மடத்தை விட்டுவிடாதீர்கள். 1941இல் கப்பலேற முடியாமல் தங்கிப்போனவர்களைப் பற்றி இம்ப்ரோஸ் பதிலில் சொன்னேன் அல்லவா? அப்படித் தப்பித் திரிந்த வீரர்களில் பலரை இந்த மடத்தாரும் சுற்றியிருந்த கிராமத்தாரும் மறைத்து, சோறு போட்டு, இந்தக் கடற்கரையிலிருந்து நீர்மூழ்கிக் கப்பல்களில் எகிப்துக்கு அனுப்பி வைத்தார்கள். மடாதிபதி அகதாங்கெலோஸ் லகூவர்தோஸ் கடைசியில் தாமே தீவை விட்டுத் தப்ப வேண்டியதாயிற்று. இதைச் சொல்லாமல் உங்களைக் குளிக்க மட்டும் விடும் வழிகாட்டியிடம் நீங்களே கேளுங்கள்.

எலஃபோனிசி மணல் நிஜமாகவே இளஞ்சிவப்பா? கொஞ்சம் எடுத்து வரலாமா?

நிஜம்தான், ஆனால் கடற்கரை முழுக்க இல்லை. சிவந்த ஓடுள்ள நுண்ணுயிர்களின் துகள்கள் மணலில் கலந்திருப்பதால் வரும் நிறம் அது. அலை தொடும் விளிம்பில்தான் கோடு கோடாகத் தெரியும். எடுத்து வரக் கூடாது. அது பாதுகாக்கப்பட்ட பகுதி, தடை இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு பிடி எடுத்தால் அந்த நிறம் இருக்காது. மணற்குன்றுகளில் ஏறி மிதிக்காமல் குறித்த பாதையிலேயே நடங்கள்.

கடற்கரைக்கு எதிரே உள்ள குட்டித் தீவுக்கு முட்டளவு, இடுப்பளவு நீரில் நடந்தே போகலாம். அங்கே ஒரு நினைவுக் கல்வெட்டு உண்டு. 1824இல், ஒட்டோமானியப் படைகளுக்குத் தப்பி ஒளிந்திருந்த நூற்றுக்கணக்கான மக்கள் அந்தத் தீவில் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் அதுவரை நடப்பதில்லை, நீங்கள் போங்கள்.

பாலோஸ் படகில் போனால் வாந்தி வருமா?

வடகாற்று வீசும் நாளில் வரலாம். கிஸ்ஸமோஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பும் படகு திறந்த கடலில் முனையைச் சுற்றிப் போகிறது. மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொண்டு, நடுப்பகுதியில், வெளிக்காற்று படும்படி உட்காருங்கள். தரைவழியில் போனால் கரடுமுரடான மண் பாதை, அப்புறம் இறங்கி ஏறும் நடை.

படகில் போனால் ஒன்றைத் தேடிப் பாருங்கள். மேற்குக் கரைப் பாறைகளில், கடலுக்குச் சில மீட்டர் மேலே, நேர்கோடாக ஒரு கரும்பட்டை ஓடும். அது பழைய கடல் மட்டம். கி.பி. 365இல் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் கிரீட்டின் மேற்குப் பகுதி மேலே தூக்கப்பட்டது. சில இடங்களில் 9 மீட்டர் வரை. பக்கத்திலுள்ள ஃபலாசர்னாவின் பண்டைய துறைமுகம் இன்று தரையில் காய்ந்து கிடப்பது அதனால்தான். அகியா ரூமெலியிலிருந்து திரும்பும் படகிலும் கரையோரப் பாறைகளைக் கவனித்தால் இந்தப் பட்டை தெரியும்.

உடை விஷயத்தில் ஏதாவது கட்டுப்பாடு உண்டா?

மடங்களிலும் தேவாலயங்களிலும் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். ஒரு துப்பட்டா பையில் இருந்தால் போதும். கடற்கரையில் எப்படி உடுத்தினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தெற்குக் கரையின் ஒதுக்குப்புறங்களில் மேலாடையோ முழு ஆடையோ இல்லாமல் சிலர் குளிப்பார்கள். பெரியவர்களோடு போனால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கொடுத்த பணத்தில் எல்லாம் அடக்கமா?

பெரும்பாலும் இல்லை. பேருந்தும் வழிகாட்டியும்தான் அடக்கம். சமாரியா நுழைவுக் கட்டணம், படகு டிக்கெட், சாப்பாடு, கடற்கரைக் குடை எல்லாம் தனி. ‘என்னென்ன சேரவில்லை’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ரொக்கமாகக் கொஞ்சம் யூரோ கையில் வேண்டும்.

முந்தைய நாள் இரவு “நாளை சமாரியா மூடல்” என்று செய்தி வந்தால்?

பலத்த காற்று, மழை எச்சரிக்கை, கடும் வெப்பம், தீ அபாயம் என்று எதற்காகவும் மூடுவார்கள். பாறை உருளும் இடம் அது. சில பகுதிகளில் ‘நிற்காமல் வேகமாகக் கடக்கவும்’ என்று பலகையே வைத்திருக்கிறார்கள். மூடியதற்காக வழிகாட்டியிடம் சண்டை போடுவது நியாயமில்லை. பணம் திரும்புமா, வேறு நாள் தருவார்களா என்பதை மட்டும் பதிவு செய்யும்போதே கேட்டு வையுங்கள்.

இதற்காகத்தான் சமாரியாவை விடுமுறையின் கடைசி நாளில் வைக்காதீர்கள் என்கிறேன். முதல் பாதியில் வைத்தால் மாற்று நாள் கிடைக்கும். மாற்றாக இம்ப்ரோஸுக்குப் போகலாம் என்றாலும், மழை எச்சரிக்கை இருக்கும் நாளில் எந்த இடுக்கிலும் இறங்காதீர்கள். மேலே எங்கோ பெய்த மழை கீழே வெள்ளமாக வரும்.

நாங்களே கார் எடுத்துப் போனால் மலிவுதானே? வழிகாட்டி எதற்கு?

ப்ரெவெலிக்கும் எலஃபோனிசிக்கும் தாராளமாகக் காரில் போங்கள். டொபோலியாவில் ஒற்றை வழிச் சுரங்கம் ஒன்று வரும், சிக்னல் பார்த்துப் போக வேண்டும். மற்றபடி தொந்தரவு இல்லை. உங்கள் இஷ்டப்படி கூட்டத்துக்கு முன்பே போய்ச் சேரலாம்.

சமாரியாவுக்குக் கார் உதவாது. நீங்கள் மேலே தொடங்கி கீழே முடிக்கிறீர்கள். கார் ஓமலோஸில், நீங்கள் கடற்கரையில்; நடுவில் ஒரு மலை. பொதுப் பேருந்தில் ஹானியாவிலிருந்து போய், படகு பிடித்து, மறுபடி பேருந்தில் திரும்பலாம். அது மலிவு, நேரங்களும் பொருந்தும்படிதான் வைத்திருக்கிறார்கள். இம்ப்ரோஸில் காரை மேலே விட்டுவிட்டு, முடியும் இடத்தில் காத்திருக்கும் வண்டிகளில் ஒன்றைப் பிடித்துத் திரும்பலாம்.

எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான். நீங்கள் என்றால் எதற்குப் போவீர்கள்?

நன்றாக நடக்க முடிந்தவர் என்றால் சமாரியா, சந்தேகமே இல்லை. குடும்பமாக, வயதில் பல தரப்பட்டவர்களோடு என்றால் கூர்தாலியோதிகோவும் ப்ரெவெலியும். எலஃபோனிசி அழகுதான். ஆனால் கோடையில் பதினோரு மணிக்குப் பேருந்துகள் வந்து நின்ற பிறகு அந்த அழகைத் தேட வேண்டியிருக்கும். ஒருநாள் சுற்றுலாக்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் போய்ச் சேர்கின்றன.

நடை தாமதமாகி, அகியா ரூமெலியில் கடைசிப் படகு போய்விட்டால் என்ன ஆகும்?

அந்த ஊருக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. ஆகவே டாக்சி கூப்பிட முடியாது. தனிப் படகு பேசிப் போகலாம், கடல் அனுமதித்தால். செலவு கணிசமாக இருக்கும். குழுவில் யாராவது பின்தங்கியிருந்தால் வழிகாட்டிக்குத் தெரியும், காவலர்களோடு பேசி ஏற்பாடு செய்வார். ஆனால் மற்ற ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு படகு குறித்த நேரத்தில் போய்விடும்.

தங்க அறைகள் உண்டு, சாப்பாடும் உண்டு. மறுநாள் படகில் ஹோரா ஸ்ஃபாகியோனோ சூயாவோ போய், அங்கிருந்து ஹானியா பேருந்தைப் பிடிக்கலாம். அன்றாட மருந்து எடுத்துக்கொள்பவர்கள் ஒரு நாளைக்கு மிகையான மாத்திரையையும், எல்லோரும் பாஸ்போர்ட்டின் நகலையும் பையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். மறுநாள் காலை விமானம் இருப்பவர்கள் சமாரியாவுக்குப் போக வேண்டாம்.